கட்டத்துக்குள் அடங்கிய சொல்

டிக்‌ஷனரியைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியமான ஆள் கிடைத்திருக்கலாம். கிடைக்கவில்லை. அவளோடு பதினோரு வருடம் ஒரே அலமாரியில் துணி அடுக்கியவள் நான்தான், அவள் குடியைக் கெடுத்தவளும் நான்தான். ஆகவே நானே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர்கள். உதவியாளர் என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எழுப்புவது, கழுவுவது, துடைப்பது, சட்டை மாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை விழுங்க வைப்பது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது. காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தால் எட்டு மணிக்குள் ஆளுக்குப் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்தாக வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்துவிடும். அது எமனே வந்து கேட்டாலும் ஐந்து நிமிடம் நிற்காது.

நானும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே வயது, அதனால் முதல் நாளே வாடி போடி ஆகிவிட்டது. ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாள். பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். தோற்ற பாடத்தின் மேல் சிலருக்கு வெறுப்பு வரும், இவளுக்கு ஆசை வந்துவிட்டது. அட்டை கிழிந்த அகராதி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே திரிவாள். மருந்துச் சீட்டு, சோப்பு உறை, லிஃப்ட்டில் ஒட்டிய எச்சரிக்கை என்று ஒன்றை விட மாட்டாள். "படிச்சு என்னடி கலெக்டராகப் போறியா?" என்றால், "தெரிஞ்சுக்கிட்டா என்ன, கையா வலிக்குது?" என்பாள். டிக்‌ஷனரி என்று பெயர் வைத்தது நான்தான்.

அவளுக்குத் தாய் தகப்பன் எல்லாமே ஒரு அக்காதான். பதினான்கு வயது மூத்தவள். அம்மா போன பிறகு தையல் இயந்திரத்தை மிதித்தே இவளை வளர்த்தாள். தோற்ற பாடத்துக்கு இரண்டு தடவையும் டியூஷன் வைத்தவளும் அவள்தான். டிக்‌ஷனரி கல்யாணம் பண்ணிப் போன இடம் சரிப்படவில்லை, எட்டே மாதத்தில் பெட்டியோடு திரும்பினாள். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லையாம். "கை கால் அலம்பிட்டு வா, இந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கணும்" என்றாளாம்.

இப்போது அந்தப் பாழாய்ப்போன தாளுக்கு வருகிறேன். எங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு தாள். குளியல், உடை, சாப்பாடு, மருந்து என்று நான்கு கட்டம். அந்த வேலையின்போது அவர் எப்படி நடந்துகொண்டார் என்று ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். தலைமை அலுவலகம் வேறெங்கோ இருக்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு நம் பாஷை தெரியாது. எங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் கையெழுத்தே தகராறு. நாங்கள் என்ன செய்வோம்? நேற்றைய தாளைப் பார்த்து அதே எழுத்தை இன்றைக்கு வரைவோம். எழுதுவதில்லை ஐயா, வரைவோம். கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி.

இதைப் பார்த்து டிக்‌ஷனரிக்கு மனசு ஆறவில்லை. ஒரு அட்டையில் ஆறு வார்த்தைகளை எழுதி, பக்கத்திலேயே தமிழில் விளக்கமும் எழுதி, துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அந்த விளக்கங்கள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'ட்ரை: முயற்சி பண்றது, முடிஞ்சாலும் முடியாட்டியும். ஸ்ட்ரைவ்: முடியாதுன்னு தெரிஞ்சும் நாளைக்கும் பண்றது. ரெசிஸ்ட்: வேண்டாம்னு உடம்பை இறுக்கிக்கிறது. ஆர்க்யூ: வாயால. ஸ்ட்ரகிள்: தன் உடம்போட தானே மல்லுக்கட்டுறது. ஃபைட்: எதிர்ல ஒரு ஆளு வேணும், அந்த ஆளுக்கு வலிக்கணும்னு நெனைக்கணும்.'

"ஏன்டி, நமக்கெல்லாம் போராட்டம்னு ஒரே வார்த்தை. பசியோட போராட்டம், நோயோட போராட்டம், மாமியாரோட போராட்டம். இவனுங்களுக்கு மட்டும் எதுக்குடி இத்தனை?" என்று கேட்டேன்.

"யாரோட போராடுறேங்கிறது முக்கியமில்லையா? மாமியாரும் பசியும் ஒண்ணா?"

"எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். அன்றைக்கு அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் நர்சம்மா வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

சேர்ந்த முதல் வருடமே இன்னொன்றும் நடந்தது. தாளில் கட்டம் தபால்தலை அளவுதான். ஸ்ட்ரகிள் என்பதற்கு எட்டு எழுத்து. என் கையெழுத்தோ எருமை மாடு. நீட்டினால் பக்கத்துக் கட்டத்தில் போய் விழும், நர்சம்மா சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவாள். பன்னிரண்டு தாளையும் மறுபடி எழுத வேண்டும். நான் டிக்‌ஷனரியிடம் போய் நின்றேன்.

"அடங்க மாட்டேங்குதுடி. சின்னதா வேற ஏதாவது குடு."

அவள் அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "ஃபைட்னு போட்டுக்கோ. அஞ்சே எழுத்து. அர்த்தம் வேறதான், ஆனா பக்கத்துப் பக்கத்து வீடு. யாரு உக்காந்து படிக்கப் போறா?"

சொன்னது அவள்தான், நான் மறைக்கவில்லை. அதன்பின் நாங்கள் வேலை பார்த்த முதல் மாடியில் எல்லோருமே அப்படித்தான் எழுதினோம். சட்டைக்குள் கை போகாமல் தவித்தவர், கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் சிந்தியவர், படுக்கையிலிருந்து எழ முயன்று விழுந்தவர், எல்லோரும் ஃபைட். யாரும் படிக்கவில்லை. ஒன்பது வருடம் யாருமே படிக்கவில்லை.

பத்தாவது வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்தது, பேச்சும் போய்விட்டது. டிக்‌ஷனரி இருந்தது நான்கு மாடி ஏறிப்போகும் ஒற்றை அறையில். இவள் பன்னிரண்டு மணி நேரம் வேலையில் இருந்தால் அங்கே தண்ணீர் கொடுக்க நாதி இல்லை. ஊழியரின் உறவினர் ஒருவருக்கு இல்லத்தில் பாதிக் கட்டணத்தில் படுக்கை தருவார்கள், அந்த ஊழியர் வேலையில் இருக்கும் வரை. அப்படித்தான் அக்கா முதல் மாடிக்கு வந்தாள். சொந்தக்காரர்களை நாமே கவனிக்கக் கூடாது, தாளும் எழுதக் கூடாது என்பது விதி. டிக்‌ஷனரியைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். அக்கா என் பன்னிரண்டு பேரில் ஒருத்தி ஆனாள்.

"உன்கிட்டன்னா எனக்கு நிம்மதிடி" என்று டிக்‌ஷனரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தையல்காரம்மா என்றுதான் நாங்கள் அவளைக் கூப்பிட்டோம். வாய் இல்லையே தவிர, கண்ணாலேயே ஆளை அளவெடுப்பாள். என் சீருடையில் தையல் விட்ட இடத்தை ஒரு நாள் விரலால் தொட்டுக் காட்டி முறைத்தாள். பெரிய தொல்லை காலையில் சட்டை மாட்டும்போதுதான். நான் அவசரத்தில் நல்ல கையை, அதாவது இடது கையை, முதலில் உள்ளே விடுவேன். அது சுளுவாகப் போகும். பிறகு விழுந்த கையை நுழைக்கப் பார்த்தால் நுழையாது. அதற்குள் அவள் இடது கையை வெளியே உருவிவிடுவாள். நான் மறுபடி நுழைப்பேன், அவள் மறுபடி உருவுவாள். என் கையைத் தட்டிவிடுவாள். பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். மணி ஏழே முக்கால், இன்னும் நான்கு பேர் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தலைக்கு ஏறும். ஒரு நாள் உருவிய வேகத்தில் அவள் நகம் பட்டு என் மணிக்கட்டில் ரத்தம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் எழுதிய ஃபைட்டில் பேனா தாளைக் கிழித்தது. மற்ற நாளெல்லாம் கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. நேற்றைய தாளைப் பார்த்து வரைந்தேன், அவ்வளவுதான்.

யாருக்கும் சொல்லாமல் தலைமை அலுவலகத்தில் தாளை எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் எண்ணுமாம். ஒரு மாதத்தில் பத்து ஃபைட்டுக்கு மேல் இருந்தால் அந்த ஆள் அடிக்கிற ஆள், மூன்றாம் மாடிக்கு அனுப்பு என்று உத்தரவு. மூன்றாம் மாடி என்றால் பூட்டிய கதவு. கட்டில் கம்பியில் துணிப்பட்டை போட்டு இரண்டு கையையும் கட்டுவார்கள், காலையும் மாலையும் தூக்க மருந்து.

தையல்காரம்மாவின் கணக்கில் இருபத்தேழு இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு ஆட்கள் சக்கர நாற்காலியோடு வந்து அவளைக் கொண்டுபோனார்கள். தரைத்தளத்துக்கு நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். டிக்‌ஷனரி ஒரு தாத்தாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள், நானும் பின்னாலேயே போனேன்.

"சார், எங்க அக்கா யாரையும் அடிக்கிறவ இல்ல சார். அது வேற வார்த்தை. கட்டம் சின்னதுன்னு இதை எழுதுறாங்க. எல்லாருக்கும் இதையேதான் எழுதுறாங்க."

மேனேஜர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். "அம்மா, எனக்குப் புரியுது. ஆனா ரெக்கார்டுல இருபத்தேழு தடவை இருக்கு. எழுதினவங்களே இது தப்புன்னு எழுத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, நான் மேல அனுப்புறேன். உங்க அக்கா அன்னைக்கே கீழ வந்துடுவாங்க."

டிக்‌ஷனரி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். முடிந்துவிட்டது, பிழைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள் பாவி.

நானும் தலையாட்டினேன். சாயங்காலம் போடுகிறேன் என்றேன். மத்தியானம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் நல்லதுக்குச் சொல்றேன். பொய் ரெக்கார்டு எழுதினேன்னு கையெழுத்துப் போட்டா, அந்தத் தாளே உன் வேலைக்கு உலை வெச்சிடும். நான் காப்பாத்த முடியாது. யோசிச்சுக்கோ." என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்து மூன்று வருடம். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். யோசிக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் உடை மாற்றும் அறையில் அவள் பேனாவோடு நின்றாள். காகிதத்தில் அவளே அழகாக எழுதி வைத்திருந்தாள், கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

"என்னால முடியாதுடி" என்றேன்.

முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு என் காலில் விழுந்தாள். ஆமாம், விழுந்தாள். நான் பின்னால் நகர்ந்து அலமாரியில் இடித்துக்கொண்டேன். "உன்னை இப்படிக் கட்டிப் போட்டா உன் பொண்ணுங்க பார்த்துக்கிட்டு இருக்குமாடி? நல்ல கைடி அது. ஒரே ஒரு நல்ல கை. அதையும் கட்டி வெச்சிருக்காங்கடி."

தப்பு தன் பக்கம் இருந்தால் மனுஷன் கோபப்படுவான், நானும் பட்டேன். "யாருடி சொல்லிக் குடுத்தா? யாரு படிக்கப் போறான்னு சொன்னது யாரு? இப்ப என் தலையில கட்டுறியா?" என்று கத்தினேன். அவள் எழுந்தாள். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். "நான்தான்" என்றாள். அழவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

அவள் விடவில்லை. டாக்டரிடம் போனாள், வாரம் ஒரு தரம் வருகிறவர், மாத்திரையை மட்டும் பார்க்கிறவர். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள், ஒன்றல்ல, பதினாறு. இரண்டு வார்த்தைக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கம் பக்கமாக விளக்கியிருந்தாள். ஒரு பதில் வந்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி, பதிவுகளின்படி நடவடிக்கை சரியானது. வேலையை விட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போவதா? போனால் நான்கு மாடி ஏறி அந்த ஒற்றை அறை, ஏறிய பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி? இருந்தால் மூன்றாம் மாடி. ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். பார்த்துவிட்டு இறங்கி வருவாள், குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள். எத்தனை நேரம் கழுவுவாள்!

எங்களுக்குச் சாப்பிட ஒரே மேஜைதான். இரண்டு மாதம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்தே தின்றோம். மூன்றாம் மாதம் ஒரு நாள் என் டப்பா காலியாக இருந்தது, வீட்டில் அன்றைக்குச் சமைக்க முடியவில்லை. அவள் தன் டப்பாவில் பாதியை என் மூடியில் தள்ளி வைத்தாள். நான் தின்றேன். வெட்கம் கெட்டுத் தின்றேன்.

முதல் ஞாயிறுகளில் அக்கா பட்டையை இழுத்துக்கொண்டே இருந்தாளாம். இடது மணிக்கட்டு தோல் உரிந்து புண்ணாகி, மருந்தைக் கூட்டினார்களாம். அப்புறம் இழுப்பது குறைந்ததாம். அப்புறம் இவள் போனால் திரும்பிப் பார்ப்பதும் குறைந்ததாம்.

நான்கரை மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. மூன்று மாதமாக ஒரு ஃபைட்டும் இல்லை, முன்னேற்றம், கீழே அனுப்பலாம். மேனேஜர் தானே நேரில் வந்து டிக்‌ஷனரியிடம் சொன்னார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "பாருங்கம்மா, எவ்வளவு அமைதியா ஆயிட்டாங்க!"

தையல்காரம்மா மறுபடி என் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. முதல் நாள் காலை சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். இடது கையைப் பிடித்து உள்ளே விட்டேன், போயிற்று. வலது கையை மடக்கி முறுக்கித் திணித்தேன், அவளுக்கு வலித்திருக்க வேண்டும். பொத்தானைப் போட்டேன். மூன்று நிமிடம். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு இடைவேளையில் டிக்‌ஷனரி விதியை மீறி மேலே வந்தாள். நான் தடுக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றேன். அக்காவின் சட்டையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள், நான் மாட்டுகிற மாதிரியே, நல்ல கையை முதலில் விட்டு. விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"கையை இழு அக்கா" என்றாள் மெதுவாக. "தப்பா மாட்டியிருக்கேன் பாரு. விழுந்த கைதான் முதல்ல போகணும், அப்பத்தான் சட்டை ஏறும். நீ இத்தனை நாளும் அதைத்தானே சொன்னே? இவளுக்குப் புரியல. எனக்குப் புரியுதுக்கா. உருவிப் போடு."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்குச் சட்டை தைத்தவள், எந்தக் கை முதலில் போக வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் அதை இருபத்தேழு தடவை சண்டை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா அசையவில்லை. டிக்‌ஷனரியின் குரல் உயர்ந்தது. "என்னைத் தட்டிவிடுக்கா. அடி! ஓங்கி ஒண்ணு போடு!" அக்காவின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டாள். ஒரு தரம், இரண்டு தரம். விட்டதும் அந்தக் கை மடியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. அவள் அக்காவின் சட்டையை முழுக்கக் கழற்றி, வலது கையை முதலில் விட்டு, பொறுமையாகச் சரியாக மாட்டினாள். காலரை நீவிவிட்டாள். வாசலில் என் அருகே வந்து நின்று, அன்று காலில் விழுந்த பிறகு முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

"என்னைக்காவது அக்கா உன் கையைத் தட்டிவிட்டாள்னா என்னைக் கூப்பிடுடி. எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு ஓடி வர்றேன்."

டிக்‌ஷனரி இன்னும் தரைத்தளத்தில்தான் இருக்கிறாள். வேலையை விட்டால் படுக்கை போய்விடுமே. இப்போது தினம் காலை தையல்காரம்மாவுக்கு வலது கையை முதலில் விட்டுத்தான் மாட்டுகிறேன். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வேண்டுமென்றே இடது கையை முதலில் விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்ப்பேன். ஏழு மாதம் ஆகிறது. ஒரு தரம்கூட டிக்‌ஷனரியைக் கூப்பிட வேண்டி வரவில்லை.